நிஷிஜினில் ஒரு நெசவாளர் வீடு, உள்ளே எட்டுப் பேருக்குக் காபி

நடைவழி | ஜனவரி 26, இரவு 9.40

நேற்று மதியம் போய் வந்த இடத்தைப் பற்றி மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஓசாகாவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறையாவது ரயிலேறி கியோட்டோ போய்விடுவேன். பெரிய கோயில்களைப் பார்த்து முடித்தாயிற்று, இப்போதெல்லாம் தெருத்தெருவாக நடப்பதுதான். நேற்று நிஷிஜின் பக்கம் போனேன். இமாதெகாவா சாலையை விட்டு வடக்கே திரும்பினால் நெசவாளர் தெருக்கள். பாதி வீடுகள் போய் அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மீதி வீடுகள் கறுத்த மரச்சட்டங்களோடு ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. குளிர் எலும்பில் இறங்கியது. தரையிலிருந்து ஏறிவரும் இந்தக் குளிரை அங்கே ‘சோகோபிஎ’ என்பார்கள்.

இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று நிற்க வேண்டிய ஒரு சந்து. அதில் ஒரு வீட்டு வாசலில் துண்டு அளவுக்கு ஒரு நோரென் திரை. பக்கத்தில் கையகலப் பலகையில் காபிக்கான இரண்டு எழுத்துகள். வேறு எந்த அடையாளமும் இல்லை. தண்டவாளத்தில் சிக்கிச் சிக்கித் திறக்கும் இழுவைக் கதவு. உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு இருட்டு. மண்தரை நடை ஒன்று நேராகக் கொல்லை வரை போகிறது. ‘ஒய்தெயாஸ்’ என்று ஒரு குரல் கேட்டது. கியோட்டோ வழக்கில் ‘வாங்க’. எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா.

ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினால் ஆறு பாய் அறை. இங்கே அறையின் அளவைச் சொல்வதே எத்தனை தத்தாமிப் பாய் என்றுதான். ஆறு பாய் என்றால் ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டர். தாழ்ந்த மேசை இரண்டு, மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, அதன்மேல் கெட்டில். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பாய் அகலத்துக்கு முற்றம்: கல்தொட்டி, பெரணி, சிவப்புப் பழம் கொத்தாகத் தொங்கும் ஒரு நாந்தென் செடி. மேலே திறந்த வானம். பனி தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் விழும் பனியைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்திருந்தேன், வெகுநேரம் போனதே தெரியவில்லை.

அந்த அம்மா காபி போட்டதைச் சொல்ல வேண்டும். காகித வடிகட்டி கிடையாது. கம்பி வளையத்தில் தைத்த பிளானல் துணிப் பையில் பொடியைப் போட்டு, மெல்லிய மூக்குள்ள கெண்டியால் சொட்டுச் சொட்டாக வெந்நீர் விட்டார். பொடி உப்பி மேலே வரும்போது கையை நிறுத்தினார். அது அடங்கியதும் மறுபடி விட்டார். ஒரு கோப்பைக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க ஒரு பேச்சும் இல்லை, கெட்டிலின் சத்தம் மட்டும்தான்.

கூடவே ஸென்ஸாய் கேட்டேன். இனிப்பான அசுக்கிப் பயறுக் கஞ்சியில் சுட்ட அரிசி மோச்சி போட்டுத் தருவார்கள். தொட்டுக்கொள்ள உப்புக் கடல்பாசி இரண்டு துண்டு. தித்திப்பு திகட்டும்போது அதில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் போதும்.

பில் வந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய தறி நாடா ஒன்று, அதாவது தறியில் குறுக்கு நூலை இங்கும் அங்கும் கொண்டுபோகும் படகு வடிவ மரக்கட்டை. கைபட்டுக் கைபட்டு மினுமினுப்பாகிவிட்டது. அதன் குழிவுக்குள் மடித்த சீட்டு. மாமனார் ஓட்டிய நாடா என்றார். பின்கட்டில் தறிக்கூடம் இருந்ததாம். தறி நின்று பல வருடமாகிவிட்டது, இப்போது அங்கேதான் காபிக் கொட்டை வறுக்கிறார்.

கிளம்பும்போது பார்த்தால், நான் கழற்றிப் போட்டிருந்த ஷூ வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

---

புதுப்பயணி | ஜனவரி 26, இரவு 11.05

அண்ணா, படிக்கும்போதே அங்கே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஏப்ரல் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக ஜப்பான் வருகிறேன். கடையின் பெயரும் மேப் இணைப்பும் தர முடியுமா? அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, சுத்த சைவம். அங்கே சரிப்படுமா?

---

நடைவழி | ஜனவரி 27, காலை 7.15

தங்கச்சி, பெயரை மட்டும் கேட்காதே. படம் எடுக்கலாமா என்று கேட்டபோது, ‘எடுங்கள், ஆனால் இணையத்தில் இடத்தைப் போட வேண்டாம்’ என்றார் அந்த அம்மா. மொத்தம் எட்டுப் பேர்தான் உட்காரலாம். சந்தில் நான்கு பேர் வரிசையில் நின்றாலே எதிர்வீட்டுக் கதவு திறக்காது. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற கேள்விகளுக்கு இங்கேயே யாராவது பதில் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

---

கோபேசமையல் | ஜனவரி 27, மதியம் 3.30

தம்பி, நான் கோபேயில் பன்னிரண்டு வருடமாகச் சின்ன சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். கடைக்காரன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு ஆள்கூட வராத நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மரவீட்டில் கூரை ஓடு மாற்றவும் பாய் மாற்றவும் யார் பணம் தருவார்கள்? நாம் ரசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஐந்து வருடம் கழித்து அந்த இடமும் கார் நிறுத்தமாகிவிடும். நல்ல கடையை நாலு பேருக்குச் சொல்வது அதற்குச் செய்யும் உதவி. வயதானவர் கூச்சத்தில் சொல்லியிருப்பார்.

---

சுண்ணாம்புக்காரை | ஜனவரி 27, இரவு 8.50

கோபேசமையல் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. கட்டடத் தொழிலில் இருப்பதால் என் பங்குக்குக் கொஞ்சம் எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

கியோட்டோவின் இந்த மரவீடுகளுக்கு மச்சியா என்று பெயர். முகப்பு குறுகல், ஆழம் அதிகம். ‘விலாங்குமீன் படுக்கை’ என்று அவர்களே சொல்வார்கள். முன்கட்டில் கடை, நடுவில் வீடு, பின்னால் பட்டறையோ கிடங்கோ. நிஷிஜினில் பின்கட்டு தறிக்கூடம். அதற்கு ‘ஒரியாதாதெ’ என்று தனிப் பெயரே உண்டு. தறிக்கு உயரம் வேண்டும் என்பதால் அந்தப் பகுதிக்கு மாடி வைக்காமல் கூரை வரை திறந்து விட்டிருப்பார்கள்.

இவ்வளவு நீள வீட்டின் நடுவறைக்குக் காற்றும் வெளிச்சமும் வருவது எப்படி? அதற்குத்தான் நடைவழி தன் பதிவில் சொன்ன அந்தச் சின்ன முற்றம், சுபோநிவா. செட்டிநாட்டு வளவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அளவு மட்டும் வேறு, இங்கே ஒரு ஆள் கையை விரித்தால் முடிந்துவிடும். வெயில் காலத்தில் வாசலுக்கும் முற்றத்துக்கும் தண்ணீர் தெளித்தால் ஒரு பக்கம் குளிர்ந்து காற்று நகரும். ஜூன் பிறந்ததும் காகிதக் கதவுகளைக் கழற்றி எடுத்துவைத்துவிட்டு நாணல் தட்டிகளை மாட்டுவார்கள். கியோட்டோ வீடு கோடைக்காகக் கட்டியது, குளிரில் நடுங்கத்தான் வேண்டும்.

மண்தரை நடைக்கு மேலே அண்ணாந்து பார்த்திருந்தால் கூரை வரை திறந்திருக்கும். விறகடுப்புப் புகை போவதற்கான வழி அது. நூறு வருடப் புகை படிந்து உத்தரமெல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். சுவர், மூங்கில் பிளாச்சில் வைக்கோல் கலந்த மண்ணை அப்பியது. தூண்களை அடித்தளத்தில் புதைப்பதில்லை, கல்லின்மேல் சும்மா நிற்கின்றன.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். 1950-ல் கட்டடச் சட்டம் வந்தபிறகு இப்படிப் புதிதாகக் கட்டுவது ஏறக்குறைய முடியாத காரியமாகிவிட்டது. கியோட்டோ மாநகராட்சி மச்சியா என்று கணக்கில் எடுப்பதே 1950-க்குள் கட்டிய மரவீடுகளைத்தான். அதாவது இனி எண்ணிக்கை ஏறாது, குறையத்தான் செய்யும். 2008-09 கணக்கெடுப்பில் 47,000-க்கு மேல் இருந்தன. 2016-ல் சுமார் 40,000. நாளுக்கு இரண்டு வீடு என்ற கணக்கில் இடித்திருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம்.

ஆகவே இந்த வீடுகளில் காபிக் கடை வைப்பதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆள் புழங்காத மரவீடு சீக்கிரம் வீணாகிவிடும். தினமும் கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, தரையைத் துடைத்தால்தான் மரம் நிற்கும். அதே சமயம், எட்டுப் பேருக்கான வீட்டுக்கு எண்பது பேர் போனால் பாயும் தாங்காது, அக்கம்பக்கமும் தாங்காது. கியோட்டோவின் கியோன் பகுதியில் 2024-ல் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் என்று பலகை வைக்கும் நிலைமை வந்ததே.

---

பட்டுக்கரை | ஜனவரி 28, காலை 6.20

நாடாவில் பில் வைத்துக் கொடுத்தார் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் குடும்பம் காஞ்சிபுரம், மூன்று தலைமுறை தறி. எங்கள் வீடும் அப்படித்தான்: தெருவில் பார்த்தால் பத்தடி, உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். பூவேலை நெய்யத் தறிக்கு மேலே வைக்கும் ஜக்கார்டு பெட்டியை ஏற்ற உயரம் போதாமல் அப்பா ஓட்டுக்கூரையைத் தூக்கிக் கட்டினார். குழித்தறிக்கு மண்தரைதான் நல்லது, தரையின் ஈரம் இருந்தால் பட்டு நூல் அறாது என்பார்.

நிஷிஜின்காரர்களுக்கும் ஜக்கார்டு வெளியிலிருந்து வந்ததுதான். தலைநகரம் டோக்கியோவுக்குப் போனபிறகு தொழில் படுத்துவிட, 1872-ல் பிரான்சின் லியோன் நகரத்துக்கு ஆள் அனுப்பிக் கற்றுக்கொண்டு வந்தார்கள். நிஷிஜின் என்றால் ‘மேற்குப் பாளையம்’. 1467-ல் தொடங்கிய ஓனின் போரில் மேற்கு அணி முகாமிட்ட இடம். சண்டை ஓய்ந்ததும் நெசவாளர்கள் திரும்பி வந்து அங்கேயே தறி போட்டார்கள்.

நடைவழி தம்பி, அடுத்த முறை போனால் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். நாடாவின் இரண்டு முனையிலும் இரும்புக் கொண்டை இருக்கிறதா?

---

நடைவழி | ஜனவரி 28, இரவு 10.10

இருந்தது ஐயா. ஒரு முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. நானே விரலால் தடவிப் பார்த்தேன்.

கோபேசமையல் அண்ணா, நீங்கள் சொன்னதை நேற்று முழுக்க யோசித்தேன். வருமானம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் கூச்சத்தில் சொன்னார் என்று நினைக்கவில்லை. மாடியில்தான் குடியிருக்கிறார். நாம் போய் உட்காருவது அவருடைய வீட்டு நடுக்கூடத்தில். யாரை, எத்தனை பேரை உள்ளே விடுவது என்று வீட்டுக்காரர்தானே முடிவு செய்ய வேண்டும்? இப்படி ஒளிந்திருக்கும் கடைகளை ‘ககுரேகா’ என்பார்கள், மறைவிடம் என்று பொருள். நண்பர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், அடுத்த முறை நாம் இன்னொருவரைக் கூட்டிப்போவோம். கியோட்டோ வருகிற யாரையும் நானே கூட்டிப்போகத் தயார். இங்கே எழுதத்தான் மாட்டேன்.

---

கோபேசமையல் | ஜனவரி 28, இரவு 11.45

கூட்டிப்போகிறேன் என்கிறாய், அது போதும். வாக்குக் கொடுத்தாயிற்று என்றால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை தம்பி. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கும் ஓய்வு கிடைக்கும், கூப்பிடு.

---

யானகாக்காரி | ஜனவரி 29, காலை 10.00

புதுப்பயணிக்கு: பெயர் சொல்லக்கூடிய, எல்லோரையும் வரவேற்கும் பழைய வீட்டுக் கடைகளும் இருக்கின்றன.

டோக்கியோ வந்தால் யானகா. 1923 நிலநடுக்கத்திலும் போர்க்காலக் குண்டுவீச்சிலும் பெரும்பகுதி தப்பிய பழைய பேட்டை. அங்கே ஒரு முனையில் கயாபா காபி. வீடு 1916-ல் கட்டியது, 1938-லிருந்து காபிக் கடை. 2006-ல் மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, 2009-ல் மறுபடி திறந்தது. மாடியில் பாய் போட்ட அறை உண்டு. காபியும் கோகோவும் கலந்த ‘ருஷியன்’ குடித்துப் பாருங்கள், அதன் அடையாளமே அதுதான். ஆனால் மாடிப்படி செங்குத்து, அம்மாவைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள். இரண்டு நிமிட நடையில், 200 வருட வரலாறு உள்ள பொதுக் குளியல் கூடம் ஒன்று 1993 முதல் ஓவியக்கூடமாக இருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

கியோட்டோவில் நினென்சாக்கா சரிவில் ஒரு நூறு வருட வீட்டில் 2017-ல் ஸ்டார்பக்ஸ் திறந்தார்கள், உலகத்திலேயே அவர்களின் முதல் பாய்த்தரைக் கடை. கூட்டம் இருக்கும், காலையில் போங்கள். நிஷிஜினிலேயே சராசா என்று ஒரு கடை, பழைய குளியல் கூடம். சுவர் முழுக்கப் பச்சையும் பழுப்புமாகப் பூவேலை ஓடுகள். அங்கே மேசை நாற்காலி, மூட்டுவலிக்குக் கவலையில்லை.

சைவத்துக்கு: உப்பு அயிட்டம் எதிலும் மீன்சாறு இருக்க வாய்ப்பு உண்டு, சூப்பில் பெரும்பாலும் இருக்கும். பாரம்பரிய இனிப்புப் பக்கம் போய்விடுங்கள். ஸென்ஸாய், பெரணிக்கிழங்கு மாவில் செய்து சோயாமாவும் கருப்பட்டிப் பாகு போன்ற குரோமிட்சுவும் ஊற்றித் தரும் வராபி மோச்சி, கடல்பாசிக் கட்டிகள் போட்ட அன்மிட்சு எல்லாம் பொதுவாகச் சைவம். புட்டிங், மூஸ் மாதிரி இருந்தால் ஜெலட்டின் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கம் கெடும் என்றால் காபிக்குப் பதில் வறுத்த தேயிலையில் போடும் ஹோஜிச்சா.

---

இரட்டைவால் | ஜனவரி 30, மாலை 5.25

நாராவில் இப்படி ஒரு வீட்டுக் கடைக்கு என் நான்கு வயது மகனோடு போனேன். கண் இமைக்கும் நேரத்தில் ஷோஜி காகிதக் கதவில் விரலை விட்டு ஒரு ஓட்டை. எனக்குக் கை கால் ஆடிவிட்டது, பணம் தருகிறேன் என்று குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்க் கத்தரியும் வெள்ளைக் காகிதமும் பசையும் கொண்டுவந்தார். சகுரா பூ வடிவத்தில் ஒரு துண்டு வெட்டி, மகனின் கையில் கொடுத்து, அவனையே ஒட்டச் சொன்னார். சுற்றிப் பார்த்தால் அந்தக் கதவில் அப்படி இன்னும் ஐந்தாறு பூக்கள். வெளிச்சத்துக்கு எதிரே அந்த இடம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து கேட்டுவிட்டுப் போங்கள். சில கடைகளில் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

---

நடைவழி | ஜனவரி 30, இரவு 9.00

அந்தப் பூ ஒட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன், யார் விரலோ என்று நினைத்துக்கொள்வேன்.

புதுப்பயணி, இன்னும் சில விஷயம். உள்ளே ஏறும்போது ‘ஒஜாமா ஷிமாஸ்’ என்று சொல்லுங்கள். தொந்தரவு தருகிறேன் என்று அர்த்தம், வீட்டுக்குள் நுழைகிறவர் சொல்வது. கடையில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், ஆனால் சொன்னால் முகம் மலரும். சுத்தமான காலுறை முக்கியம், வெறுங்காலோடு பாயில் ஏற வேண்டாம். பாயின் துணிக்கரையையும் கதவின் அடிச்சட்டத்தையும் மிதிக்காமல் தாண்டிப் போங்கள். பெட்டி, முதுகுப்பை எல்லாம் தங்குமிடத்திலேயே. சக்கரப் பெட்டியைப் பாயில் உருட்டினால் கோடு விழுந்துவிடும். ஆளுக்கு ஒன்றாவது வாங்குங்கள், பணம் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், டிப்ஸ் கிடையாது. மண்டியிட்டு உட்கார முடியாவிட்டால் காலைப் பக்கவாட்டில் மடித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொன்னால் முதுகு சாயக் கால் இல்லாத நாற்காலியோ குட்டை முக்காலியோ கொண்டுவருவார்கள்.

ஏப்ரல் 29-லிருந்து விடுமுறை வாரம் தொடங்குகிறது, அதற்குமுன் வந்துவிடுங்கள். இந்த மாதிரிக் கடைகளுக்கு விடுமுறை நாள் என்று ஒன்று கிடையாது, தோன்றினால் மூடுவார்கள். நோரென் தொங்கினால் திறந்திருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. தேதி சொன்னால் நான் வருகிறேன்.

---

புதுப்பயணி | ஏப்ரல் 26, இரவு 10.30

அண்ணா, நேற்றைக்கு உங்களுக்கு வேலையாகப் போய்விட்டது என்றதும் நாங்கள் இரண்டு பேரும் இமாதெகாவாவில் பஸ்ஸை விட்டு இறங்கி சும்மா வடக்கே நடந்தோம். ஒரு மணி நேரம் அலைந்தோம். அம்மாவுக்குக் கால் வலிக்கத் தொடங்கியது, திரும்பலாம் என்று ஒரு சந்தில் நுழைந்தபோது துண்டு அளவுக்கு ஒரு திரை.

முற்றத்துச் செடியில் பழம் இல்லை, செந்துளிர் மட்டும் இருந்தது. அடுப்பையும் எடுத்துவைத்துவிட்டார்கள். அம்மா ஏறும் இடத்து மரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அந்த அம்மா முக்காலி கொண்டுவந்து கையைப் பிடித்து ஏற்றினார். இவர் தமிழில் பேசுகிறார், அவர் ஜப்பானியத்தில் பேசுகிறார், இரண்டு பேரும் மாறி மாறி முழங்காலைத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள். அவருக்கும் மூட்டுவலியாம். அம்மா பாயை உள்ளங்கையால் தடவி, கோரைப்பாயைவிட வழவழப்பாக இருக்கிறது என்றார். போகும்வரை அந்தப் பாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

பில் நாடாவில் வந்தது. ஒரு முனை மழுங்கியிருந்தது.

படம் எடுக்கவில்லை.

---

நடைவழி | ஏப்ரல் 26, இரவு 10.52

சரி தங்கச்சி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.